டிக்கியில் இருந்த ஃப்யூஸ்

அன்பு மகள் தாமரைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாழ்ந்த ஒலிகளுக்கான இரண்டு 12 அங்குல சப்வூஃபர்கள், கூம்பை அசைக்க ஒவ்வொன்றிலும் 4 ஓம் மின்தடையுள்ள இரண்டு வாய்ஸ் காயில்கள் (கம்பிச் சுருள்கள்), 2 ஓமில் 500 வாட்டும் 4 ஓமில் 300 வாட்டும் தரும் ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயர், சிவப்பும் கறுப்புமாகச் சுருட்டி வைத்த கம்பிகள். வரும் விடுமுறையில் நீயே உட்கார்ந்து காரில் பொருத்தப்போவதாக எழுதியிருந்தாய். பிறரிடம் விடாமல் உன் கையாலேயே செய்ய நினைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படங்களில் ஒரு பொருளைத் தேடினேன், கிடைக்கவில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஃப்யூஸ்தான் அது. ஆம்ப்ளிஃபயரிலேயே 30 ஆம்பியர் ஃப்யூஸ்கள் இரண்டு செருகப்பட்டிருப்பதால் அதுவே போதும் என்று நீ நினைத்திருக்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீ பிறப்பதற்கு முன்பு, வண்டிகளின் மின்வேலை பழகிய புதிதில், நண்பர் ஒருவரின் காருக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்திக் கொடுத்தேன். கைக்கு எட்டும் இடமாக இருக்கட்டும் என்று ஃப்யூஸை டிக்கியில் வைத்தேன். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டில் துளையிட்டுக் கம்பியை நுழைத்தேன்; துளையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் போடவில்லை. சில மாதங்கள் ஒரு குறையுமின்றிப் பாடியது. வண்டி அதிரும்போதெல்லாம் அந்த விளிம்பு கம்பியின் மேலுறையைச் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் செம்பு தகட்டைத் தொட்டுவிட்டது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் காலடியிலிருந்து புகை எழுந்து, தரைவிரிப்பு கருகத் தொடங்கியது. அவர் பதறாமல் வண்டியை ஓரங்கட்டி, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றியதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நான் போய் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஃப்யூஸ் போட்டபடியே இருந்தது. பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் அந்தத் துளையிலேயே வண்டியின் உடலுக்குள் இறங்கித் திரும்பிப் போய்விட்டதே தவிர, டிக்கி வரை வரவேயில்லை.

ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயருக்காக. பேட்டரியருகே வைக்கும் ஃப்யூஸ் கம்பிக்காக. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது. கார் பேட்டரி 12 வோல்ட்தானே என்று எளிதாக எண்ணிவிடாதே. கையில் அடிக்காது என்பது உண்மைதான், ஆனால் நேரடியாகக் குறுக்கே இணைந்துவிட்டால் பல நூறு ஆம்பியரை அது கொட்டும், கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதைவிட நெருக்கமாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டுக் கம்பிக்குக் காவல் ஏதுமில்லை. உன் ஆம்ப்ளிஃபயரில் உள்ள இரண்டும் சேர்ந்து 60 ஆம்பியர். பேட்டரியருகிலும் 60 ஆம்பியரே போடு. அது எப்போதாவது எரிந்தால் அதைவிடப் பெரியதைப் போட்டுச் சமாளிக்காமல், ஏன் எரிந்தது என்று தேடு.

கம்பியின் கனத்தை நீயே கணக்கிட்டுப் பார்க்கலாம். உன்னுடையது டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர். உள்ளே போகும் மின்சக்தியில் சுமார் 80 விழுக்காடு ஒலிப்பெருக்கிக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள். 500 வாட் வெளியே வர 625 வாட் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தால் அது 45 ஆம்பியர் ஆகிறது. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். முன்னிருந்து டிக்கி வரை 5 மீட்டர் ஓடும் 8 கேஜ் செம்புக் கம்பியில் இந்த அளவு மின்னோட்டம் போனால் அரை வோல்ட் அளவுக்குக் கம்பியிலேயே வீணாகும். 4 கேஜில், அதாவது 21 சதுர மி.மீ. கனத்தில், அது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே 4 கேஜ் எடுத்துக்கொள். படத்தில் இருக்கும் சுருளின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், அதே கனத்தில் செம்பு தாங்கும் அளவை அது தாங்காது. மேலே தடித்த ரப்பர் உறையும் உள்ளே மெலிந்த இழைகளுமாக ஏமாற்றும் கம்பிகளும் உண்டு.

இனி, நான் மிகவும் கவலைப்படும் ஓம் கணக்கு. உன் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ப்பவற்றின் மொத்த மின்தடை 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. உன்னிடம் இருப்பவை நான்கு காயில்கள். பிளஸ்களையெல்லாம் ஒன்றாகவும் மைனஸ்களையெல்லாம் ஒன்றாகவும் முறுக்கிவிடுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் நான்கும் பக்க இணைப்பில் சேர்ந்து 1 ஓம் ஆகிவிடும். தாங்கக்கூடிய மின்னோட்டத்தைப் போல் இரு மடங்கை அது இழுக்கும், ஆம்ப்ளிஃபயர் சூடேறி நின்றுபோகும் அல்லது எரியும். தானே அணைந்து காத்துக்கொள்ளும் அமைப்பு உள்ளே இருந்தாலும், அதை நம்பி இணைப்பைச் செய்யலாகாது. இரண்டு காயில் உள்ள 4 ஓம் வூஃபர்கள் இரண்டை வைத்துக்கொண்டு சரியாக 2 ஓம் கொண்டுவர வழியில்லை. ஒவ்வொரு வூஃபரிலும் இரண்டு காயில்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் சேர்த்தால் 8 ஓம் வரும். அந்த 8 ஓம் வூஃபர்கள் இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். உனக்கு ஏற்றது இதுதான். 500 வாட் கிடைக்க வேண்டிய இடத்தில் 300 வாட்தானா என்று வருந்தாதே. சக்தி பாதியாகக் குறைந்தாலே ஒலி 3 டெசிபல்தான் இறங்கும், உனக்கு அந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. ஆம்ப்ளிஃபயரும் சூடேறாமல் நெடுநாள் உழைக்கும்.

தொடரிணைப்பில் ஒரு காயிலின் மைனஸ் அடுத்த காயிலின் பிளஸோடு சேர வேண்டும். ஒரே வூஃபருக்குள் ஒரு காயில் தலைகீழாகிவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கும். கூம்பு அசையாது, சத்தம் வராது, சூடு மட்டும் ஏறும். சத்தம் வரவில்லையே என்று நீ மேலும் மேலும் கூட்டுவாய். அதனால் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ப்பதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒவ்வொரு காயிலிலும் ஒரு நொடி தொட்டுப் பார். பிளஸுக்குப் பிளஸ் சேரும்போது கூம்பு வெளிப்பக்கம் தள்ள வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் பொறி பறக்கும். உன் விரலில் எப்போதும் இருக்கும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடு, இதை மறக்காதே. கம்பி தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போடு. ஆம்ப்ளிஃபயரை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த் கம்பியும் அதே 4 கேஜாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வெற்று இரும்பு தெரியும் இடத்தில் இறுக்கு. எர்த்துக்காகச் சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதே. மஞ்சள் உறையிட்ட கம்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்குப் போகிறவை, அவற்றை விட்டு விலகு. பாடும் கருவியிலிருந்து ஒலிக்குறிகளைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கம்பியைப் பவர் கம்பி போகாத மறுபக்கமாகக் கொண்டுபோனால் இரைச்சல் ஏறாது.

கெயின் என்ற திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கானது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாடும் கருவியிலிருந்து வரும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. வூஃபர்களைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டை அணைத்து, கருவியின் ஒலியை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. (மாறுமின்) வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை அள. 300 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ட், அதைத் தாண்டாமல் நிறுத்து. அதற்கு மேலே போனால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, வாய்ஸ் காயில் கருகும்.

எல்லாம் முடிந்த பிறகும் பேட்டரியருகே உள்ள ஃப்யூஸை அதன் கூட்டில் செருகாமல் வை. ஆம்ப்ளிஃபயரில் இன்னும் சேர்க்காத வூஃபர் கம்பிகளின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து ஓம் அளவைப் பார். காயிலின் நேர்மின்தடை எழுதியிருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் 3.2 முதல் 3.8 வரை வந்தால் சரி. 1-க்கு அருகில் வந்தால் இணைப்பு தவறு. அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பு. நான் பதில் எழுதிய பிறகு ஃப்யூஸைச் செருகலாம்.

அன்புடன்,
அப்பா