பாடுவதை அவர் நிறுத்தவே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சி மிகுந்த சோல் இசை, தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசை ஆகியவை பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த இசையைப் பற்றித் தமிழில் இவ்வளவு பொறுப்புடன் எழுதப்படுவது அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் பாடகி பெட்டி லாவெட்டைப் பற்றிய பத்தியில், ‘அறுபது வயதை ஒட்டி நிகழ்ந்த மறுபிரவேசம்’ என்று இருந்த சொற்றொடர் என்னை உறுத்தியது. வெளியே போனவருக்குத்தான் மறுபிரவேசம் உண்டு. லாவெட் எங்கும் போகவில்லை. அவர் பாடிக்கொண்டே இருந்தார். பாடியதை வெளியிடத்தான் யாரும் முன்வரவில்லை.

அவர் 1946இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் நகரில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். ‘சோல்’ என்பதை ஆன்ம இசை என்று மொழிபெயர்த்துவிட்டு, அந்தப் பாடகர்கள் எல்லோரையும் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து புறப்பட்டு வந்தவர்களாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. லாவெட் அப்படி வந்தவர் அல்லர். அவருடைய பெற்றோர் வீட்டிலேயே சாராயம் விற்றவர்கள். வாடிக்கையாளர்களுக்காக வரவேற்பறையில் வைத்திருந்த, காசு போட்டால் இசைத்தட்டு பாடும் ஜூக் பாக்ஸ்தான் அந்தக் குழந்தைக்குக் கிடைத்த முதல் இசைப் பள்ளி. 1962இல், பதினாறு வயதில், அவர் பாடிய முதல் இசைத்தட்டை அட்லாண்டிக் நிறுவனம் நாடு முழுவதும் கொண்டுசென்றது. ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின இசைவகைக்கான தரவரிசையில் அது முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவருடன் மேடையேறிய புதுமுகங்களில் ஒருவர், பின்னாளில் சோல் இசையின் பெரும் பாடகரான ஓடிஸ் ரெடிங்.

இதற்குப் பின் நடந்ததைத்தான் உங்கள் கட்டுரை ‘நீண்ட மௌனம்’ என்ற இரண்டு சொற்களில் கடந்துவிட்டது. 1965இல் கல்லா நிறுவனத்துக்காக அவர் பாடிய பாடலை இன்றும் சோல் இசை ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள். அறுபதுகளின் இறுதியில் மெம்ஃபிஸ் நகரக் கலைஞர்களுடன் சில்வர் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காகப் பாடியவற்றில் ஃபங்க்கின் தாளக்கட்டு தெளிவாகவே கேட்கிறது. 1972இல் அட்லாண்டிக் குழுமம் அவரை அலபாமா மாநிலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பெயர்பெற்ற மஸல் ஷோல்ஸுக்கு அனுப்பி ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்தது. முதல் இசைத்தட்டுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைக்கவிருந்த முதல் ஆல்பம் அது. எல்லாம் முடிந்து, விளம்பரப் பயணத்துக்கான ஏற்பாடுகளும் நடந்த பிறகு, ஆல்பம் வெளிவராது என்று தொலைபேசியில் தகவல் வந்தது. காரணம் சொல்லப்படவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டு கிடந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்கு அவருடைய வாழ்க்கையின் மையமாகப் படுகிறது. டெட்ராய்ட்டின் சிறிய இரவு விடுதிகளில் பாடினார். ‘பப்ளிங் பிரவுன் சுகர்’ என்ற இசை நாடகக் குழுவுடன் ஊர் ஊராகப் போனார். டிஸ்கோ காலத்தில் டிஸ்கோவும் பாடினார். சோல் இசைக்குப் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுன் பிறந்த நகரிலேயே வளர்ந்தும், அந்த நிறுவனத்தின் வழியாக அவருடைய ஆல்பம் வெளிவந்தது 1982இல்தான். அதற்குள் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஆல்பமும் நாஷ்வில்லில் பதிவானது. அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஜிம் லூயிஸ், நட்சத்திரமாக முடியாமற்போனாலும் பலவகைப் பாடல்களைக் கற்றுக்கொண்டால் பாடிப் பிழைக்கலாம் என்று இளம் வயதிலேயே அவருக்கு அறிவுறுத்தியிருந்தார். அந்தப் பாடம்தான் சோறு போட்டது. ஐம்பது பேர் அமர்ந்த அறையிலும் முழுக் குரலோடு பாடிய அந்த ஆண்டுகளை மௌனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

1972இன் ஒலிநாடாக்கள் தீயில் அழிந்திருக்கும் என்று நம்பப்பட்டன. பிரான்ஸைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஜில் பெத்தார் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து, உரிமம் பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். 26 வயதுப் பெண்ணின் குரலை உலகம் கேட்டபோது அவருக்கு வயது 54. அதன் பிறகே 2003இலும் 2005இலும் புதிய ஆல்பங்கள் வந்தன. உங்கள் கட்டுரை தொடங்குவது இங்கிருந்துதான்.

2007இல் அவர் அதே மஸல் ஷோல்ஸுக்குத் திரும்பி, டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழுவினருடன் பாடினார். அந்தக் குழுவின் பேட்டர்சன் ஹூட், மஸல் ஷோல்ஸின் பெயர்பெற்ற பேஸ் கிட்டார் கலைஞர் டேவிட் ஹூட்டின் மகன். தந்தையும் அந்தப் பதிவில் வாசித்தார். ஆல்பத்துக்கு லாவெட் வைத்த தலைப்பு ‘குற்றம் நடந்த இடம்’ என்று பொருள்படும். 35 ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து சொன்ன சொல் அது. அவருடைய 1962 பாடலையும் இந்த ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்க வாசகர்களை வேண்டுகிறேன். முதலாவதில் துள்ளும் சிறுமியின் குரல். இரண்டாவதில் கரகரப்பேறி, ஒரு சொல்லை எங்கே நிறுத்தினால் அது வலிக்கும் என்று அறிந்த குரல். நான் முதலில் கேட்டது இந்தப் பிற்காலக் குரலைத்தான். 2008 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த கென்னடி மைய விருது விழாவில், ‘தி ஹூ’ என்ற பிரித்தானிய ராக் குழுவினர் முன்னிலையில் அவர்களுடைய பாடலையே அவர் பாடும் காணொளி அது. பேரிரைச்சலோடு நான் கேட்டுப் பழகிய ராக் பாடலை அவர் நிதானப்படுத்தி, மன்றாட்டாக மாற்றிவிட்டார். அந்தப் பக்குவம் ஒரே இரவில் வருவதில்லை. இரவு விடுதிகளில் பாடிய ஆண்டுகளே அதற்கான பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த மாதமே லிங்கன் நினைவிடத்தில் ஒபாமாவின் பதவியேற்பு விழாவையொட்டி அவர் பாடியதும், 2018இல் பாப் டிலனின் பாடல்களை மட்டும் கொண்டு ஆல்பம் தந்ததும் உங்கள் கட்டுரையிலேயே உள்ளன. விடுபட்டது, 2023இல் தமது 77ஆம் வயதில் வெளியிட்ட ஆல்பம். தாளத்தை முன்னிறுத்தி ஃபங்க்கின் துள்ளலோடு அமைந்த அதை, ஃபங்க் பற்றிய கட்டுரையில் காணாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

தொடரின் அடுத்த பகுதியிலோ, இணையப் பதிப்பிலோ ‘மறுபிரவேசம்’, ‘நீண்ட மௌனம்’ ஆகிய சொற்களை மாற்றி, வெளியிடப்படாத அந்த 1972 ஆல்பத்தின் கதைக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மதுரை