பஸ்ஸில் வந்த உறைக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வெள்ளத்தில் எங்கள் நூலகத்துக்கு நேர்ந்ததை இங்கே மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் காலையில் முழங்காலளவு நீரில் எங்களோடு நின்றவர்கள். மற்றப் பாதிப்பேர் படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள். சென்ற வெள்ளிக்கிழமை மாலை, நூலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் ஆவணப் பாதுகாப்புச் செயற்றிட்டத்துக்கு நிதி அங்கீகரிக்கப்பட்டிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. உடன்படிக்கை கைச்சாத்தாகும்வரை நிதியத்தின் பெயரை வெளியிடுவது முறையன்று. நன்றி சொல்வதற்கு உடன்படிக்கை எதுவும் வேண்டியதில்லை என்பதாலும், இன்னும் ஒரு வாரம் சென்றால் இந்த மனநிலையில் எழுத வராது என்று தோன்றுவதாலும் இம்மடலை இன்றே எழுதுகிறேன்.

நனைந்த தாளில் இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும் என்று அறிந்ததும், மீன் வைக்கும் குளிர் அறையின் ஒரு மூலையை ஒழித்து, எங்கள் பத்திரிகைத் தொகுதிகளைப் பொலித்தீன் பைகளில் கட்டி உறைய வைக்க இடம் தந்த முதலாளி ஐயாவுக்கு நன்றி. (அத்தொகுதிகளில் சில இன்னமும் மெல்லிய நெத்தலி வாசத்தோடு இருக்கின்றன, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.) வகுப்பறையையும் மின்விசிறிகளையும் தந்த பாடசாலை அதிபருக்கும், பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சு தாள் வைத்து எடுத்த மாதர் சங்கத்து அம்மாமாருக்கும், விண்ணப்ப முடிவு நாளன்று மின்சாரம் போனபோது ஜெனரேற்றரை இயக்கிக் கடையைப் பூட்டாமல் காத்திருந்த கொம்யூனிகேஷன் தம்பிக்கும், இறாக்கைகள் வாங்கப் பணம் அனுப்பிய புலம்பெயர்ந்த ஊரவர்களுக்கும் நன்றி. பெட்டி பெட்டியாக நூல்கள் அனுப்ப முன்வந்தவர்களுக்கு, வைக்க இடமில்லை, இப்போது அனுப்ப வேண்டாம் என்று நான் எழுதியதைக் கோபியாமல் ஏற்றுக்கொண்டமைக்காகத் தனியே ஒரு நன்றி.

ஆயினும் இம்மடலின் பெரும்பகுதி ஓர் உறைக்கு உரியது.

மட்டக்களப்புப் பக்கத்து நூலகம் ஒன்றில் பணியாற்றும் ஓர் அக்காவை, கொழும்பில் நடந்த பயிற்சிப் பட்டறை ஒன்றில் ஒரேயொரு நாள் சந்தித்திருந்தேன். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; எழுதவில்லை. வெள்ளத்தின் பின், வெளிநாட்டு நிதியத்துக்கு விண்ணப்பிப்பதென்று தீர்மானித்தும் முதற்பக்கத்தைத் தாண்ட முடியாமல் இருந்த ஒரு நாளில், வென்ற விண்ணப்பம் எதையாவது பார்க்கக் கிடைக்குமா என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். வென்றது தன்னிடம் இல்லை, தோற்றது ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றார். மூன்றாம் நாள் விடியற்காலையில், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், மட்டக்களப்பு பஸ்ஸின் நடத்துநர் ஆசனத்தின் கீழிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துத் தந்தார்.

உள்ளே இருந்தவை: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் 34 பக்கங்கள், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் இரண்டு பக்கங்கள், எல்லாவற்றின் ஓரங்களிலும் அக்காவின் கையெழுத்து. கையெழுத்து இரண்டு நிறத்தில் இருந்தது. நீல மையில் உள்ளவை நிராகரிப்பு வந்த வாரத்தில் கோபத்தோடு எழுதியவை என்றும், பென்சிலில் உள்ளவை ஒரு வருடம் கழித்து ஆறுதலாக வாசித்தபோது எழுதியவை என்றும், பென்சிலை மட்டும் நம்பும்படியும் மேலே ஒரு துண்டு தைத்திருந்தார்.

வென்ற விண்ணப்பங்கள் எப்படியோ கைமாறிக் கிடைத்துவிடுகின்றன. அவற்றை வாசித்தால் எல்லாமே சரியாகத் தெரியுமேயொழிய, எது இல்லாதிருந்தால் அது தோற்றிருக்கும் என்பது தெரியாது. தோற்றதையோ எவரும் காட்டுவதில்லை. நம்மிடையே அது மானப் பிரச்சினை. பரீட்சையில் சித்தியடையாத பெறுபேற்றுத் தாளை அயலவரிடம் காட்டுவதைப் போன்றதொரு காரியத்தை, ஒரு நாள் மட்டும் பழகிய எனக்காக அந்த அக்கா செய்தார்.

முதற்பக்கத்திலேயே என் முகத்தில் அறைந்தாற்போல் ஒன்று இருந்தது. ஆவணங்கள் எதிர்நோக்கும் அபாயத்தை விளக்குக என்ற இடத்தில் அவர் 1981ஆம் ஆண்டில் தொடங்கியிருந்தார்: மே 31 இரவு, எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்கள். நானும் அங்கேதான் தொடங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நூலகம் பற்றி எழுதுபவர் வேறெங்கே தொடங்க முடியும்? மதிப்பீட்டாளர் அந்தப் பந்தியை மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, ஆனால் இன்றைக்கு உங்கள் அலுமாரியிலுள்ளவற்றுக்கு என்ன ஆபத்து என்று கேட்டிருந்தார். நீல மை அதற்கு எழுதியிருந்த மறுமொழியை இங்கே தர இயலாது. பென்சிலோ, அது எங்கள் துக்கம், படிவம் கேட்பது கூரையை, கறையானை, ஈரப்பதனை என்று எழுதியிருந்தது. என் வரைபில் ஒன்றரைப் பக்கமாக இருந்த எரிப்பை ஒரு வாக்கியமாக்கினேன். அன்று சாப்பிட மனம் வரவில்லை. ஆனால் செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து எண்ணிக்கை. அக்கா "அரிய ஆவணங்கள் பல" என்று எழுதியிருந்த இடத்தில் மதிப்பீட்டாளர் எத்தனை என்று கேட்டிருந்தார். நானும் "பல" என்றுதான் எழுதியிருந்தேன். ஆகவே உயர்தர வகுப்பு மாணவியர் இருவரோடு வகுப்பறைத் தரையில் அமர்ந்து எண்ணினோம். கல்வெட்டுகள் மட்டும் 263. தமிழகத்து நண்பர்கள் கற்சாசனம் என்று மயங்க வேண்டாம்: இறந்தவரின் நினைவாக, அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி, குடும்பத்தார் அச்சிட்டு வழங்கும் சிறு நூலை நாங்கள் கல்வெட்டு என்போம். தேவாரமும் புலம்பற் பாக்களும் ஒருபுறமிருக்க, வம்சாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர், பார்த்த உத்தியோகம், மலாயாவுக்குப் போய் வந்த கதை எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. 2005இல் தொடங்கப்பட்ட "நூலகம்" என்னும் இணையவழி எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல ஏற்கெனவே உள்ளமையால், எங்களிடமுள்ளவற்றுள் அங்கே இல்லாதவை எவை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பட்டியலையும் விண்ணப்பத்தோடு இணைத்தோம்.

உரிமை பற்றிய குறிப்பும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆக்கியோரின் ஆயுட்காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். வீடு வீடாகச் சென்று அனுமதிக் கடிதம் பெறாமல் எண்ணிமப்படுத்தி வெளியிடுவோம் என்று எழுதினால், அந்த ஒரு வரியே விண்ணப்பத்தைச் சாய்த்துவிடும் என்றது பென்சில்.

பாதீட்டுப் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு பெரிய தொகை பட்டியலாக்க மென்பொருள் ஒன்றின் உரிமத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. பணியாளர் ஊதியம் என்ற நிரலில் பூச்சியம். பக்கத்தில் "தொண்டு அடிப்படையில்" என்று இருந்தது. மதிப்பீட்டாளர் இரண்டையும் கேட்டிருந்தார்: இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இருக்க இதை ஏன் வாங்குகிறீர்கள், ஊதியமில்லாமல் இந்த வேலையை எவர் செய்து முடிப்பார்? முதலாவதற்குப் பென்சிலின் விடை கோஹா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்னும் இடத்து நூலக நம்பகம் 1999இல் தன் தேவைக்கென்று செய்வித்து, எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள் அது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கைம்மாறு எதிர்பார்க்கும் அன்பளிப்பு என்று பொருள். இரண்டாவதற்கு விடையாக ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது. நூலகப் பணியாளராகிய நாம் நம் உழைப்பைக் கணக்கில் எழுதக் கூச்சப்பட்டுப் பழகிவிட்டோம். உரிமத்துக்கென்று நான் போட்டிருந்த தொகையை எடுத்து, அந்த மாணவியர் இருவருக்கும் ஒரு வருட ஊதியமாக எழுதினேன். அவ்வரியைத் தட்டச்சுச் செய்கையில் ஏதோ பிழை செய்வதுபோல் கை தயங்கியதையும் மறைக்கவில்லை.

கடைசித் தாளில், இனித் தட்டிப் பார்க்கக்கூடிய கதவுகள் என்று அக்கா சிலவற்றைக் குறித்திருந்தார். பயன்படக்கூடும் என்பதால் தருகிறேன். பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்தும் அழிநிலை ஆவணத் திட்டம் பழைய காலத்து ஏடுகளுக்கும் ஆவணங்களுக்கும் உரியது. மூலங்கள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அதன் விதி. லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2018இல் தொடங்கிய திட்டம் 20ஆம் 21ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கானது. ஆகவே ஓலைச்சுவடி வைத்திருப்பவர் முன்னதையும், கல்வெட்டும் துண்டுப் பிரசுரமும் வைத்திருப்பவர் பின்னதையும் பார்ப்பதே பொருந்தும். இரண்டுக்கும் பணம் ஆர்க்கேடியா என்ற ஒரே நிதியத்திலிருந்து வருகிறது. படிக்க விரும்புவோருக்கு இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகத்துப் பட்டமேற்கல்வியும் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரை வாசிக்க அச்சங்கத்தின் ஆண்டு மாநாடு இருக்கிறது. அந்தக் கடைசி வரியின் கீழ் அக்கா இருமுறை கோடிட்டிருந்தார். நான் ஆய்வாளரல்லள் என்று சொல்லித் தப்பிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தப்பப்போவதில்லை. கல்வெட்டுகளில் வரும் மலாயா உத்தியோகத்தரைப் பற்றி அடுத்த மாநாட்டுக்கு ஒரு கட்டுரைச் சுருக்கம் அனுப்புவதாக இங்கே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன்.

நிதி கிடைத்த செய்தியை அக்காவுக்குச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமலிருந்தார். தன் 34 பக்கமும் வீணாகவில்லை என்றார். பின், உறையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும், கேட்கிற அடுத்த ஆளுக்குக் கொடுக்கும்படியும் சொன்னார்.

கேட்டவர் இந்த வாரமே வந்துவிட்டார், முல்லைத்தீவிலிருந்து. அக்காவின் விண்ணப்பத்தோடு, 1981இல் தொடங்கி "பல" என்றே எழுதிய என் முதல் வரைபையும், பின்னர் அனுப்பியதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மூலத்தை என்னிடம் வைத்துக்கொள்ளலாமென்று போட்டோகொப்பி எடுத்துப் பார்த்தேன். நீல மை பளிச்சென்று விழுந்தது, பென்சில் விழவேயில்லை. ஆகவே இரண்டு இரவுகளாகப் பென்சில் வரிகள் அனைத்தையும் பிரதியில் என் கையால் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்பது பக்கங்கள் இருக்கின்றன. திங்கட்கிழமைக் காலை பஸ்ஸில் போய்விடும்.

நன்றியுடன்,
ஊர் நூலகமொன்றின் நூலகர்,
யாழ்ப்பாணம்.