கண்ணை எடுக்காமல் எண்ணுவது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கற்றுத்தரும் வேலைக்கு வந்துவிட்டாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்த இரத்தத் துளியை, பொறுமையாகப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் செல் எண்ணுவதற்கு, ஒரு செல்லுக்கு ஒருமுறை தட்டும் கைபேசிச் செயலி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். எட்டு மாதமாக நான் அதில்தான் எண்ணுகிறேன்.

முன்பு நாம் டிசி, அதாவது நூறு வெள்ளையணுவில் எந்த வகை எத்தனை என்ற கணக்கு, பார்த்தது நினைவிருக்கிறதா? ஒரு வெள்ளையணுவைப் பார்த்து, தலை நிமிர்ந்து, தாளில் கோடு போட்டு, மறுபடி குனிந்தால் விட்ட இடம் தெரியாது. 87 வரை வந்தபின் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது கண் மைக்ரோஸ்கோப்பை விட்டு அசைவதே இல்லை. வலது கை ஸ்லைடை நகர்த்துகிறது, இடது கை கைபேசியில் தட்டுகிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஒலி. 100 ஆனதும் நீளமாக ஒலித்து நின்றுவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் ஆரம்பத்தில் இருந்தது. பொத்தான் வைத்த பழைய எண்ணும் கருவியில் விரலே இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துவிடும். வழவழப்பான கண்ணாடியில் அது நடக்காது. லிம்போசைட் என்ற வெள்ளையணு வகைக்குப் பதில் மோனோசைட் என்ற இன்னொரு வகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அடிக்கடி வரும் நியூட்ரோபிலையும் லிம்போசைட்டையும் திரையின் கீழ் மூலைகள் இரண்டுக்கும் மாற்றினேன். கைபேசியின் விளிம்பே விரலுக்கு வழி காட்டியது. ஈசினோபில், மோனோசைட், பேசோபில் மூன்றும் மேலே. உன் மாணவர்களை முதல் நாளே இதைச் செய்யச் சொல். உட்கரு உள்ள சிவப்பணுவுக்குத் தனிப் பொத்தான் வேண்டும், அது அந்த 100இல் சேரக்கூடாது. நூறு வெள்ளையணுவுக்கு அது 20 என்று வந்தால், அதையும் சேர்த்து 12,000 என்று கருவி காட்டிய வெள்ளையணு எண்ணிக்கை உண்மையில் 10,000தான். இந்தத் திருத்தத்தைச் செயலியே போட்டுக் கொடுக்கிறது.

வளர்ப்புச் செல்களை எண்ணும் நியூபவர் சேம்பர் (கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) வேலையில் எனக்கு இன்னும் பெரிய உதவி. போன மாதம் எண்ணும்போது நான்கு மூலைச் சதுரங்களில் உயிருள்ளவை 200, டிரிபன் ப்ளூ சாயம் ஏறி நீலமான இறந்த செல்கள் 20. உயிருள்ளவை சதுரத்துக்கு 50, சாயத்தோடு சரிபாதி கலந்ததால் 2ஆல் பெருக்கி, அப்புறம் 10,000ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம். உயிருள்ளவை 91 சதவீதம். கணக்கு சின்னதுதான். ஆனால் களைப்பில் ஒருமுறை அந்த 2ஐ விட்டுவிட்டேன். வேண்டியதைப் போல இரு மடங்கு செல்லை வளர்ப்புத் தட்டில் போட்டு, இரண்டே நாளில் இடமில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்து மனசு விட்டுப்போனது. ஒரு வாரத்து வேலை.

தட்டுவது சுலபமானதால் நான் இப்போது டிசிக்கு 200 வரை எண்ணுகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். 100 செல்லில் 10 ஈசினோபில் கண்டால், உண்மை விகிதம் ஏறக்குறைய 5 முதல் 18 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணினவர் மேல் தவறில்லை, 100 என்பது அவ்வளவு சின்ன எண். மிச்சமாகும் நேரத்தை இன்னொரு நூறு செல்லுக்குக் கொடுத்தால், அறிக்கைக்காகக் காத்திருக்கும் ஆளுக்கு நியாயம் செய்ததாக இருக்கும்.

படம் எடுத்தால் தானே எண்ணித்தரும் செயலிகளை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஒட்டிக்கிடக்கும் மூன்று செல்லை ஒன்றாக எண்ணுகிறது, குமிழியையும் தூசியையும் செல்லாக்கிவிடுகிறது. பக்கத்திலேயே கையாலும் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏற்கிறேன். எதுவானாலும் ஸ்மியரின் எந்தப் பகுதியில் பார்ப்பது என்பது நம் கையில்தான். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவிய இடத்தைத் தேடாமல் ஸ்மியர் மெலிந்து முடியும் வால் நுனியிலேயே நின்றால் பெரிய செல்கள் கூடுதலாக மாட்டும். அப்போது எந்தச் செயலியும் காப்பாற்றாது.

அப்புறம், வேலை மேசைக்கென்று பழைய கைபேசி ஒன்றை ஒதுக்கிவிடு. கையுறையோடு தொட்டதை வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது. அழைப்பு வராதபடி ஏர்பிளேன் மோடில் போட்டுவை. நோயாளியின் பெயரையும் அதில் ஏற்ற வேண்டாம், மாதிரி எண் மட்டும் போதும்.

மாணவர்கள் இருவரை ஒரே ஸ்லைடைத் தனித்தனியாக எண்ணச் சொல்லி, இரண்டு பேருடைய எண்களையும் எனக்கு எழுது. நானும் இங்கே ஒன்று எண்ணி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழி