சொட்டும் இடத்தை விடுங்கள், கசியும் இடத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் நின்ற இடத்தில் கருப்பாக ஆயில் சொட்டியிருந்தால், பல பட்டறைகளில் முதலில் வரும் பதில் "சம்ப் பேக்கிங் போயிருக்கும், மாத்திடலாம்" என்பதுதான். (சம்ப் என்பது என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி; பேக்கிங் என்பது கசியாமலிருக்க இணைப்பில் வைக்கும் பட்டை.) மாற்றிய பிறகும் சொட்டு நிற்காது. அடுத்து கிராங்க் சீல் (என்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்), அதற்கடுத்து வேறொன்று. கசிவு தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே பாகத்தை மாற்றுவதால், உரிமையாளரின் பணமும் மெக்கானிக்கின் உழைப்பும் வீணாகின்றன. இதைத் தவிர்க்கும் முறையை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

என்ஜினின் மேல்பகுதியில் கசியும் ஆயில் அதன் பக்கவாட்டில் வழிந்து இறங்கும். ஓட்டத்தில் அடிக்கும் காற்றும் ரேடியேட்டர் விசிறியின் காற்றும் அதைப் பின்பக்கம் தள்ளும். கடைசியில் சம்ப்பின் விளிம்பிலோ ஏதாவது ஒரு போல்ட் தலையிலோ திரண்டு சொட்டும். ஆகவே, நனைந்த இடங்களில் எது மிக உயரத்திலும் முன்பக்கத்திலும் இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன், சொட்டுவது என்ஜின் ஆயில்தானா? இரவில் காருக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்து வையுங்கள். காலையில் துளியின் நிறமும் விழுந்த இடமும் தெரியும். வழுவழுப்பான பழுப்பு அல்லது கருப்பு என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயிலாக இருக்கலாம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, இனிப்பு வாடையுடன் இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. சக்கரத்தின் உட்புறம் வெளிர் மஞ்சளாக வழிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கக்கூடும். அந்தக் காரை ஓட்டவே கூடாது.

ஆயில் மாற்றிய சில நாட்களுக்குள் சொட்டத் தொடங்கினால் அவசரப்பட வேண்டாம். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில் என்ஜினின் அடிமூடியில் தேங்கி, நாள்கணக்கில் சொட்டும். அது கசிவே அல்ல. ஆனால் ஃபில்டரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை முறுக்கியிருந்தால், வளையம் நழுவிச் சில நிமிடங்களில் பெருமளவு ஆயில் வெளியேறிவிடும். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டார்களா என்பதும் முக்கியம்.

அடுத்தது சுத்தம் செய்வது. இதைச் செய்யாமல் தேடுவது வீண்வேலை, ஏனெனில் பழைய அழுக்கில் புதிய கசிவு தெரியாது. என்ஜின் நன்றாக ஆறட்டும். ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் வாய், இக்னிஷன் காயில், மின் இணைப்புகள் ஆகியவற்றை பிளாஸ்டிக்கால் மூடி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீசர் அடித்து 10 நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். பீய்ச்சியடிக்கும் பம்ப் வேண்டாம். சீல்களுக்குள்ளும் கனெக்டர்களுக்குள்ளும் நீர் புகுந்துவிடும். அடியில் படுக்கும் முன் காரை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது உயிருக்கு ஆபத்து.

காய்ந்த பிறகு என்ஜினை 15 நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். கசிவு மெதுவானது என்றால், என்ஜினை நிறுத்தி, ஆறவைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டி வந்தால் ஈரத்தின் பாதை வெள்ளையில் கோடாகத் தெரியும். அதற்கும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் இருக்கிறது. 4 முதல் 5 லிட்டர் ஆயில் பிடிக்கும் என்ஜினுக்கு சுமார் 30 மி.லி. என்பது வழக்கமான அளவு. பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். ஏசிக்கான சாயத்தை ஊற்றக் கூடாது. ஊற்றும்போது வெளியே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் கசிவுபோல் ஒளிரும். ஓட்டி வந்த பின், இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் கசியும் வாய் பளிச்சென்று தெரியும்.

என்ஜினின் உச்சியை மூடும் டாப்பெட் கவரின் பேக்கிங் அடிக்கடி கசியும் இடம். அதன் ஆயில் என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீய்ந்த வாடையும் புகையும் வரும்; தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு, தள்ளிப்போடக் கூடாது. ஆயில் பிரஷர் சுவிட்ச் சிறியது என்பதால் பலர் பார்ப்பதில்லை. அதன் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே ஆயில் நின்றிருந்தால், அதுவே சாட்சி. என்ஜின் ஓடும்போது மட்டும் கசிவது பெரும்பாலும் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், ஆயில் கூலர் குழாய் போன்ற அழுத்தமுள்ள பக்கம்தான். முன் கிராங்க் சீல் போனால், புல்லி ஆயிலை வட்டமாகச் சுற்றிலும் வீசியிருக்கும்.

பலரும் விட்டுவிடுவது பிசிவி வால்வை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை வெளியேற்றுவது இதுவே. இது அடைத்தால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடத் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். அப்போது சீலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பெட்ரோல் என்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல்) ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு ரப்பர் கையுறையைப் பொருத்திப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. பலூன்போல் ஊதினால் முதலில் வால்வையும் குழாய்களையும் கவனிக்க வேண்டும். அவை சரியாக இருந்தும் ஊதினால் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் இந்தச் சோதனைதான் முதல் வேலை.

செலவு மிகுந்த தவறு பின் கிராங்க் சீலில் நடக்கிறது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் தெரிந்ததும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். டாப்பெட் கவரின் பின் மூலையில் கசியும் ஆயிலும் அதே இடத்துக்குத்தான் வழிந்து வரும். மேலே முழுவதும் காய்ந்திருக்கிறது என்று காட்டிய பிறகுதான் கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. எப்படியும் இறக்குவதாக இருந்தால் கிளட்ச்சையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புதிய பேக்கிங் போடுவதிலும் கவனம் வேண்டும். டாப்பெட் கவர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். சரியான அளவை அந்தக் காரின் கையேட்டில் பார்த்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக முறுக்க வேண்டும். இன்னும் இறுக்கினால் கசிவு நிற்கும் என்று முறுக்கினால் பேக்கிங் பிதுங்கி வெளியே வரும், கவர் வளையும். சிலிகான் பேஸ்ட்டை கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் தடவுங்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால் என்ஜினே போய்விடும். கசிவை நிறுத்துவதாக விற்கும் திரவங்கள் ரப்பரைச் சிறிது உப்ப வைக்கின்றன, அவ்வளவே. கிழிந்த பேக்கிங்குக்கு அவை உதவாது.

வேலை முடிந்ததும் அந்த இடத்தை மறுபடி துடைத்து, 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் அதே டார்ச்சுடன் பாருங்கள். அதுவரை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பியை) நாள்தோறும் பார்த்து, அளவு கீழ்க்கோட்டைத் தொடும் முன்பே ஆயில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் என்ஜின் பழுதுநீக்கும் பணியிலுள்ள வாசகர்