ரகத் தேர்வுக் குழுவுக்கு ஒரு மடல்: மருந்து அடிக்காத பாத்தியையும் எண்ணுங்க

குழுவுல இருக்கற எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் உங்க முடிவு வந்துச்சு. துரு நோய் தாங்கறதுக்குன்னு நாங்க உருவாக்கிட்டு வர்ற கோதுமை லைனை, அதாவது இன்னும் வெளியிடாத புது ரகத்தை, கழிச்சுட்டீங்க, காரணம்னு ஒரே வரி, ஒப்பிட்டுப் பாக்க வச்ச செக் ரகத்தை விட விளைச்சல் கம்மி. கம்மிதான், நான் மறுக்கல. ஆனா எந்த வயல்ல கம்மி? சீசன்ல ரெண்டு தடவ பூஞ்சாணக்கொல்லி அடிச்ச வயல்ல. நோயே வராம பாத்துக்கிட்டு நோய் தாங்கற ரகத்துக்கு பரீட்சை வச்சா அது எப்படிங்க ஜெயிக்கும்?

நாங்க பக்கத்துலயே மருந்து அடிக்காம கொஞ்சம் பாத்தி விட்டிருந்தோம். அங்க உங்க செக் ரகத்துக்குள்ள ஒரு நடை நடந்து வந்தா பேண்ட்ல முட்டி வரைக்கும் துரு நோயோட மஞ்சப் பொடி. கதிரை உள்ளங்கையில கசக்கி ஊதினா மணியும் உமியோட சேர்ந்து பறக்குது, அவ்ளோ சூம்பிப்போன மணி. அடுத்த பாத்தியில எங்க லைன் பச்சையா நிக்குது, இலை நுனி மட்டும் காஞ்சிருக்கு. துரு நோயை தாங்க வைக்கற எல்ஆர்34 ஜீன் இருந்தா நுனி காயும்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. ஆனா பார்வையிட வந்தவர் அதையும் நோய்னு குறிச்சுட்டுப் போனார், அதுதான் இன்னும் மனசுல உறுத்துது.

இந்த லைனுக்கு 9 வருஷம் ஆச்சுங்க. ரைங்கற தானியப் பயிர்லருந்து கோதுமைக்கு வந்த 1ஆர்எஸ்ங்கற குரோமோசோம் துண்டை எடுத்திருந்தா விளைச்சல் ஈஸியா ஏறியிருக்கும், ஆனா மாவு பிசுபிசுன்னு கையில ஒட்டும். எல்ஆர்19ங்கற இன்னொரு துரு எதிர்ப்பு ஜீனை எடுத்தா மாவு மஞ்சளாகும்னு பயம். அதனால பெரிய ஜீன் எதையும் நம்பாம கொஞ்சம் கொஞ்சமா தாங்கற ஜீன்களா சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலயும் மாவு பிசைஞ்சு பாத்து, தரம் கெட்டதையெல்லாம் கழிச்சுக் கழிச்சு இங்க வந்து நிக்கறோம்.

ஒரே ஜீனை நம்பினா என்ன ஆகும்னு தண்டுத் துரு நோயைத் தடுக்கற எஸ்ஆர்31 ஜீன் காட்டிடுச்சே. அத்தனை நாடுகள்ல அதை நம்பித்தான் விதைச்சாங்க, 1998-ல உகாண்டாவுல யூஜி99ங்கற புது துருப் பூஞ்சாண வகை அதை உடைச்சுட்டு வந்துச்சு. அதே சமயம் அமெரிக்க பயிர் விஞ்ஞானி மெக்ஃபேடன் எம்மர்ங்கற பழைய கோதுமை இனத்துலருந்து ஹோப்ங்கற ரகத்துக்கு கொண்டுவந்த எஸ்ஆர்2 ஜீன், தனியா நின்னா பாதிதான் தாங்கும், ஆனா நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னும் கைவிடல. அந்த மாதிரி ஜீனுக்கு உங்க மார்க் ஷீட்ல ஒரு கட்டம் கூட இல்லைங்க. நோய் தாங்கற திறன்னு மேடையில எல்லாரும் பேசறாங்க, ப்ராஜெக்ட் பணம் 3 வருஷத்துக்குத்தான் வருது, பத்து வருஷ வேலையை மூணு மூணா வெட்டி ஓட்டறோம், கடைசில தராசுல நிக்கறது விளைச்சல் மட்டும்தான். மருந்து வாங்க வழியில்லாத விவசாயி வயல்ல என்ன விளையும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

சரி, கோபத்துல நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். ஒவ்வொரு சோதனை வயல்லயும் மருந்து அடிக்காம ஒரு செட் போடுங்க, அந்த விளைச்சலையும் அந்த மாவோட தரத்தையும் சேர்த்து எண்ணுங்க. அப்பவும் எங்க லைன் தோத்தா நான் வாயே திறக்கமாட்டேன். தயவுசெஞ்சு அடுத்த விதைப்புக்கு முன்னாடி ஒரு பதில் சொல்லுங்க, விதையை தனியா எடுத்து வச்சிருக்கேன்.