நாடே துக்கத்தில் இருக்கும்போது: 8 முதல் 12 வரையிலான வகுப்புகளின் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நாட்டையே துக்கத்தில் ஆழ்த்திய நேற்றைய செய்தி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நம் வாயிலிருந்து போகவில்லை, கைபேசியிலிருந்து போயிருக்கிறது. அதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பள்ளி வழக்கம்போல் நடக்கும். மணி அடிக்கும் நேரம்கூட மாறாமல் இருப்பது இந்த நாட்களில் பிள்ளைகளுக்குப் பெரிய பிடிமானம். வகுப்புத் தேர்வுகளை மட்டும் ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறோம். அதிர்ச்சியில் முதலில் குலைவது கவனம்தான். காலை முதல் பாடவேளையில் எல்லா வகுப்பாசிரியர்களும் ஒரே அறிக்கையை வாசிப்பார்கள். வகுப்புக்கு வகுப்பு வேறு வேறாகச் சொன்னால், இடைவேளைக்குள் அது வதந்தியாகிவிடும்.

வகுப்பறையில் நேரலைக் காட்சிகள் எதையும் போடமாட்டோம். 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்கலத்தில் ஓர் ஆசிரியை போகிறார் என்பதற்காக அமெரிக்காவின் பல பள்ளிகள் தொலைக்காட்சியைப் போட்டுவைத்திருந்தன. 73 விநாடியில் விண்கலம் சிதறியதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்தார்கள். அன்று தொலைக்காட்சியை அணைத்தால் போதும். இன்று அதுபோன்ற காட்சி கைபேசியில் விரல் நகரும் போதெல்லாம் வருகிறது. 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே இருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் அதிக மன உளைச்சல் இருந்தது.

அதற்காகக் கைபேசியைப் பிடுங்கிவைக்காதீர்கள். நண்பனின் கைபேசியில் பார்ப்பான், பார்த்ததை உங்களிடம் சொல்லமாட்டான். காணொளி தானாக ஓடும் வசதியை அவர்களையே அணைக்கச் சொல்லுங்கள். இரவில் எல்லாருடைய கைபேசியும், உங்களுடையதும்தான், படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

பேச்சைத் தொடங்கும்போது விளக்கம் சொல்லாமல், "நீ என்ன கேள்விப்பட்டே?" என்று கேளுங்கள். தவறாகத் தெரிந்திருப்பதைத் திருத்த அதுதான் வழி. எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். பாத்திரம் கழுவும்போதோ நடக்கும்போதோ தானாக வரும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சிலர் சிரிப்பார்கள், கேலிப்படம் பகிர்வார்கள், ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடப் போவார்கள். பெரும்பாலும் அது பயம் போட்டுக்கொள்ளும் வேடம். "உனக்கு இரக்கமே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றை மன்றாடியே கேட்கிறேன். நடந்ததற்கு ஒரு சமூகத்தையோ மதத்தையோ சுட்டி வீட்டில் நாம் சொல்லும் ஒரு சொல், மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தில் போய் விழும். அப்படி யாரையாவது சீண்டினால் அன்றே வீட்டுக்குத் தகவல் வரும்.

வயிற்றுவலி, எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் முதல் சில வாரங்களில் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே காட்டுங்கள், தனியே விடாதீர்கள்.

அண்மையில் வீட்டில் இழப்பு நேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி இருமடங்காக வலிக்கும். அப்படி இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி, நாளைக் காலை மணி அடிக்கும் முன் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்