சினைப்பைத் துண்டு எங்கே சாகிறது?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உங்கள் புற்றுநோய்ப் பிரிவில் கீமோவுக்கு முன்பே இளம் பெண்களின் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. உறையும்போது எவ்வளவு ஃபாலிக்கிள் (முட்டையைச் சுமக்கும் நுண்பை) சாகும் என்று கேட்டிருக்கிறாய். பெரிய சாவு அங்கே நடப்பதில்லை. சிகிச்சை முடிந்து திசுவை உடலில் திரும்ப வைத்த பிறகுதான் நடக்கிறது. முதல் வெட்டிலிருந்தே அதை மனதில் வைத்து வேலை செய்யவேண்டும்.

சினைப்பையைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருப்பது அகணி. வெளியே வெள்ளையாக, கத்திக்கு முரண்டு பிடிப்பது புறணி. நமக்கு வேண்டிய ஆரம்பநிலை ஃபாலிக்கிள்கள் புறணியின் மேல் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. ஐஸ் மேல் தட்டை வைத்து, அகணியைச் சுரண்டிச் சுரண்டி, புறணியை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவா. தடிப்பாக விட்டால், உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் நடுவரை ஊறாது, பின்னால் ரத்தக்குழாயும் நடுவரை வந்து சேராது. அவசரப்பட்டு அதிகம் சுரண்டினால் ஃபாலிக்கிளும் கத்தியோடு போய்விடும்.

அறுவை அரங்கமும் ஆய்வகமும் ஒரே கட்டடத்தில் இல்லையே என்று கவலைப்படாதே. டென்மார்க்கில் நான்கைந்து மணி நேரம் ஐஸில் பயணம் செய்த திசுவிலிருந்தும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன.

டி.எம்.எஸ்.ஓ. 1.5 மோலார், அரை மணி நேரம், ஐஸில். அறை வெப்பத்தில் வைத்தால் அதுவே செல்லுக்கு நஞ்சு. பிறகு நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் மைனஸ் 8 வரை இறக்கு. அங்கே நிறுத்தி, திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்த இடுக்கியால் திசு இருக்கும் குப்பியின் சுவரைத் தொடு. தொட்ட இடத்திலிருந்து வெள்ளைப் படிகம் படர்வது கண்ணுக்கே தெரியும். படரவில்லை என்றால் மறுபடி தொடு, விட்டுவிடாதே. தொடாமல் போனால் திரவம் உறையாமலே குளிர்ந்துகொண்டுபோய், ஒரு கட்டத்தில் சட்டென்று உறையும். செல்லிலிருந்து நீர் வெளியேற அவகாசம் இல்லாததால் பனி உள்ளேயே உருவாகிச் செல்லைக் கிழித்துவிடும். அதன்பின் நிமிடத்துக்கு 0.3 டிகிரி, மைனஸ் 40 வரை. அதற்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இந்த வேகத்தைக் கூட்ட யாரையும் விடாதே. பிறகு விரைவாக இறக்கி, திரவ நைட்ரஜனுக்குள் போட்டுவிடலாம்.

இதை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான ஃபாலிக்கிள் பிழைக்கும். ஆனால் திரும்ப வைக்கும் துண்டுக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் குழு மனிதத் துண்டுகளை எலியில் வைத்து ஆக்சிஜனை அளந்து பார்த்தது. முதல் ஐந்து நாள் மூச்சுமுட்டல்தான். பத்தாம் நாள் வாக்கில்தான் ரத்தம் ஓடுகிறது. பாதிக்கு மேல் ஃபாலிக்கிள் இந்த இடைவெளியில் போய்விடுகிறது. ஆகவே எல்லாத் துண்டையும் ஒரே தடவையில் வைத்துத் தீர்த்துவிடாதீர்கள். ஹார்மோன் திரும்ப நான்கைந்து மாதம் ஆகும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் மாதமே மனமுடைந்து போவார்கள். அதே பிரஸ்ஸல்ஸில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்த பெண்ணுக்கு 1997-ல் உறைய வைத்த திசுவிலிருந்துதான் 2004-ல் இந்த முறையில் உலகின் முதல் குழந்தை பிறந்தது. ஜாக் டோனே குழுவின் வேலை அது.

கீமோ ஏன் முட்டையை இவ்வளவு எளிதில் கொல்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. முட்டைக்குள் டி.ஏ.பி63 என்ற புரதம் இரண்டிரண்டாகப் பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு டி.என்.ஏ.வை உடைத்ததும் பூட்டுத் திறந்து, நான்கு நான்காகச் சேர்ந்து தற்கொலைக் கட்டளை கொடுக்கிறது. எலியில் அந்தக் கட்டளையைத் தடுத்தால் முட்டை பிழைக்கிறது. ஆனால் அதைத் தடுக்கும் மருந்து புற்றுச் செல்லுக்கும் தப்பிக்க வழி காட்டுமோ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அதை நோயாளியிடம் கொண்டுபோகக் கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஒன்று மறக்காதே. ரத்தப் புற்றுநோயாளியின் திசுவைத் திரும்ப வைப்பது ஆபத்து. நுண்ணோக்கியில் சுத்தமாகத் தெரியும் துண்டில்கூட பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை நோய்ச் செல்லைக் காட்டியிருக்கிறது. யாருடைய திசுவாக இருந்தாலும் ஒரு சிறு துண்டைத் தனிக் குப்பியில், சோதனைக்கென்றே எழுதி வைத்துவிடு. உங்கள் உறையவைக்கும் இயந்திரம் வந்ததும் முதல் ஓட்டத்தின் வெப்ப வரைபடத்தை எனக்கு அனுப்பு. மைனஸ் 8-ல் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்